கழுவினால் போகாத நஞ்சு

சில ஆண்டுகளுக்கு முன், ஒக்டோபர் மழை கொட்டித் தீர்த்த ஒரு நாளின் அஸர் நேரம். தொழுகை முடிந்து வெளியே வந்தபோது பத்து வயதுச் சிறுவன் ஒருவன் சலாம் சொல்லிவிட்டு ஒரு பையை நீட்டினான். உள்ளே ஒரு கைப்பிடி கச்சான் பருப்பு. பாதிப் பருப்புகளில் மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு தூள் படிந்திருந்தது.

"உம்மா கேக்கச் சொன்னா மௌலவி. இத கழுவிக் காயவச்சுப் பாவிக்க ஏலுமா?"

ஜிந்துப்பிட்டியின் உட்புறத் தோட்டங்களில் வாழ்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மழைக்காலத்தில் எங்கள் பக்கத்துச் சுவர்கள் வியர்க்கும். துறைமுகத்தின் உப்புக் காற்று வேறு. ஒற்றை அறை வீட்டில் அரிசியும் மாவும் கொச்சிக்காயும் கட்டிலுக்கடியில்தான் இருக்க வேண்டும். அந்தத் தாய் கணவனை இழந்தவர். கச்சான் வறுத்துச் சிறு பக்கட்டுகளாகக் கட்டி, பாடசாலை வாசலிலும் கடைகளிலும் விற்றுப் பிள்ளைகளை வளர்ப்பவர். பத்துக் கிலோ பருப்பை மூட்டையாக வாங்கி வைத்திருக்கிறார். கூரை ஒழுகி மூட்டை நனைந்து சில வாரங்கள் கழிந்த பிறகுதான் கண்டிருக்கிறார். வீசினால் கையிலிருந்த முதல் போய்விடும்.

நான் அதிகம் யோசிக்கவில்லை. உணவு பழுதடைந்ததால் மட்டும் நஜீஸாகிவிடாது என்பது நாங்கள் ஓதிய கிதாபுகளில் உள்ள சட்டம். "பூசணம் நஜீஸ் இல்லை. நன்றாகக் கழுவிக் காயவைத்துப் பாவிக்கலாம் என்று உம்மாவிடம் சொல்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அன்றிரவு இஷாவுக்குப் பின் என்னிடம் முன்னர் ஓதிய மாணவர் ஒருவர் வந்திருந்தார். உணவுப் பொருள்களைச் சோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்பவர். பேச்சோடு பேச்சாக இந்த விடயத்தைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஹஸ்ரத், கழுவினா போறது பூசணம். நஞ்சு போகாது" என்றார்.

சகோதரிகளே, அந்த இரவு அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், பின்னர் தேடிப் படித்ததையும் உங்கள் முன் வைக்கிறேன். சமையலறை உங்கள் பொறுப்பில் இருப்பதால் இது முதலில் உங்களுக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

வான்கோழிகள் சொன்ன செய்தி

1960 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் சில மாதங்களுக்குள் செத்து விழுந்தன. என்ன நோய் என்று யாருக்கும் புரியாததால் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்றே பெயரிட்டார்கள். தொற்று நோயா என்று பார்த்தார்கள், இல்லை. கடைசியில் தீனியில் வந்து நின்றது விசாரணை. பிரேசிலிலிருந்து வந்த கச்சான் புண்ணாக்கில் ஒருவகைப் பூசணம் வளர்ந்து நஞ்சைச் சுரந்திருந்தது. அந்தப் பூசணத்தின் பெயர் அஸ்பர்ஜிலஸ் ஃபிளேவஸ். அதன் பெயரிலிருந்தே நஞ்சுக்கு 'அஃப்லடொக்சின்' என்று பெயர் வந்தது.

எல்லாப் பூசணமும் நஞ்சு சுரப்பதில்லை. பெனிசிலின் மருந்தே ஒரு பூசணத்திலிருந்து வந்ததுதான். நமது பாடப் புத்தகங்கள் பங்கசு என்று கூறும் இந்தப் பெரும் படைப்பினத்தில், சில இனங்கள்தான் இத்தகைய நஞ்சைச் சுரக்கின்றன. ஆனால் அந்தச் சில இனங்களுக்கு மிகவும் பிடித்தது நமது நாட்டைப் போன்ற வெப்பமும் ஈரமும் உள்ள இடங்கள். கச்சான், சோளம், கொப்பரா, செத்தல் மிளகாய், சில வேளைகளில் அரிசி என்று நாம் அன்றாடம் பாவிக்கும் பொருள்களிலேயே அவை குடியேறுகின்றன.

வான்கோழியோடு கதை முடிந்திருந்தால் நல்லது. 1974 இல் இந்தியாவின் ராஜஸ்தானில் பன்ஸ்வாரா மாவட்டத்திலும் குஜராத்தில் பஞ்ச்மஹால் மாவட்டத்திலும் அறுவடை நேரத்தில் பருவம் தவறி மழை பெய்தது. சோளம் நனைந்து பூசணம் பிடித்தது. அங்குள்ள ஏழைப் பழங்குடி மக்களுக்கு வேறு உணவில்லை, அதையே உண்டார்கள். மஞ்சட் காமாலையும் வயிறு வீக்கமுமாக 397 பேர் நோயுற்றார்கள். 106 பேர் மரணித்தார்கள். அதே வீடுகளில் மிச்சத்தைத் தின்ற நாய்களும் செத்தன. முப்பது ஆண்டுகளுக்குப் பின், 2004 இல் கிழக்குக் கென்யாவில் அதே கதை, அதே சோளம்: 317 பேர் நோயுற்று 125 பேர் இறந்தார்கள்.

இவை ஒரேயடியாக அதிகம் உண்டவர்களின் கதை. நமது வீடுகளில் நடப்பது வேறு விதம். சிறிது சிறிதாக, ஆண்டுக் கணக்கில், யாருக்கும் தெரியாமல். இந்த நஞ்சு ஈரலைத் தாக்குகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் இதை மனிதனுக்குப் புற்றுநோயைத் தரும் பொருள்களின் முதலாம் பிரிவில் வைத்திருக்கிறது. ஹெப்படைட்டிஸ் பி கிருமி உடலில் உள்ளவர்களுக்கு ஆபத்து பல மடங்காகப் பெருகுகிறது என்பதை 1992 இல் வெளியான ஷங்ஹாய் ஆய்வு காட்டியது. நமது நாட்டில் 2003 முதல் குழந்தைகளுக்கு அந்தக் கிருமிக்கெதிரான தடுப்பூசி போடப்பட்டு வருகிறது, அல்ஹம்துலில்லாஹ். தடுப்பூசியைத் தட்டிக் கழிக்கும் ஒரு சில வீட்டார் இதைக் கவனிக்கட்டும்.

பால் கொடுக்கும் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. நஞ்சு கலந்த தீனியைத் தின்ற பசுவின் பாலில் அது சற்று உருமாறி வெளிவருகிறது. தாய்ப்பாலிலும் அவ்வாறு வரலாம். இதற்காகத் தாய்ப்பாலை நிறுத்திவிட வேண்டாம். அதற்கு ஈடான உணவு குழந்தைக்கு வேறில்லை. நிறுத்த வேண்டியது பூசணம் பிடித்த கச்சானைத்தான்.

குவியலுக்குள் ஒரு கை

இனி, இந்த நஞ்சை எப்படிக் கண்டுபிடிப்பது? என் மாணவரிடம் நான் கேட்ட முதற் கேள்வி இதுதான். "கண்ணால பாத்தா தெரியாதா?"

தெரியாது. அஃப்லடொக்சினுக்கு நாம் உணரக்கூடிய நிறமோ மணமோ இல்லை. பூசணம் கண்ணுக்குத் தெரிந்தால் நஞ்சு இருக்கக்கூடும் என்று எச்சரிக்கை. தெரியாவிட்டால் நஞ்சு இல்லை என்று உத்தரவாதமில்லை. ஏனெனில் பூசணத்தைத் துடைத்துவிடலாம், காயவைத்தால் அது செத்தும் போகலாம். சுரந்த நஞ்சு பருப்புக்குள்ளேயே தங்கிவிடும். தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட மிக அதிகமான சூட்டைத் தாங்கக்கூடியது அது. வறுத்தால் ஓரளவு குறையும், முற்றாகப் போகாது. குளிர்சாதனப் பெட்டி பூசணம் வளர்வதைத் தாமதப்படுத்துமே தவிர, முன்னரே சுரந்துவிட்ட நஞ்சை ஒன்றும் செய்யாது.

இதை அளக்கும் அளவையைக் கேட்டால் வியப்பீர்கள். ஒரு கிலோ உணவில் ஒரு மைக்ரோகிராம் என்பது கணக்கு. 50 கிலோ அரிசி மூட்டைகள் 20,000 ஐ அடுக்கி, அவ்வளவிலும் ஒரே ஒரு கிராம் உப்பைக் கலந்தால் எவ்வளவோ அவ்வளவு. அப்படியே உண்ணும் கச்சானுக்கு ஐரோப்பிய நாடுகள் விதித்துள்ள மொத்த வரம்பு இந்த அளவையில் வெறும் 4 தான்.

ஆய்வுகூடங்களில் பழைய முறை ஒன்று உண்டு. உணவை அரைத்து, நஞ்சைத் திரவத்தில் கரைத்துப் பிரித்தெடுத்து, அதில் ஒரு துளியை வெண்தூள் பூசிய கண்ணாடித் தகட்டில் வைப்பார்கள். அது மெல்ல மேலேறிப் பிரிந்த பின், இருட்டறையில் கழியூதா விளக்கின் கீழே பிடித்தால் சில புள்ளிகள் நீலமாகவும் சில பச்சையாகவும் ஒளிரும். நீலத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள முதலெழுத்தான 'பி', பச்சைக்குரிய 'ஜி' என்ற பெயர்களாலேயே இந்த நஞ்சின் வகைகள் இன்றும் அழைக்கப்படுகின்றன. பி ஒன்று என்பதுதான் மிகக் கொடியது. இப்போது இதைவிட நுணுக்கமாக அளக்கும் பொறிகள் வந்துவிட்டன. நஞ்சை மட்டும் தேடிப் பற்றிக்கொள்ளும் புரதங்களைக் கொண்டு சோதிக்கும் 'எலைசா' முறையும் உண்டு. ஹைதராபாதுக்கு அருகே பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையம் கச்சான் விவசாயிகளுக்காக இம்முறையைக் குறைந்த செலவில் செய்யும் வழியை உருவாக்கியது. கர்ப்பத்தைச் சோதிக்கும் பட்டியைப் போன்ற சிறு பட்டிகளும் இப்போது உள்ளன. ஒரு வேடிக்கை: இந்தப் பட்டியில் சோதனைக் கோடு தோன்றினால் நல்லது, நஞ்சு கூடக்கூடக் கோடு மங்கி மறையும்.

பணத்தாள் சோதிக்கும் ஊதா விளக்கு நமது கடைகளில் உண்டே, அதன் கீழே பிடித்துப் பார்க்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். உடைத்த சோளத்தைக் கழியூதா ஒளியில் பிடித்தால், இந்தப் பூசணம் வளர்ந்த மணிகள் பசுமஞ்சளாகப் பளிச்சிடுவது உண்மைதான். ஆனால் ஒளிர்வது அஃப்லடொக்சின் அல்ல. அதே பூசணம் உண்டாக்கும் வேறொரு பொருள். ஒளிர்ந்தும் நஞ்சில்லாத மணி உண்டு. ஒளிராமலே நஞ்சுள்ள மணியும் உண்டு. சந்தேகப்பட்டு மேலும் சோதிக்க அது உதவும், நிம்மதியடைய உதவாது.

ஆனால் என் மாணவர் சொன்னவற்றுள் என்னை உலுக்கியது பொறிகளைப் பற்றியதல்ல. "ஹஸ்ரத், மெஷின் பிழை விடுறது கொஞ்சம். மூட்டையில இருந்து எடுக்கிற கையிலதான் பெரிய பிழை வாற" என்றார்.

பூசணம் மூட்டை முழுவதும் சமமாகப் பரவுவதில்லை. ஈரம் பட்ட ஒரு மூலையில், பூச்சி துளைத்த ஒரு பருப்பில் கூடு கட்டும். ஒரே கச்சான் பருப்பில் கிலோவுக்குப் பத்து இலட்சம் மைக்ரோகிராம் என்ற அளவில் நஞ்சு அளக்கப்பட்டதுண்டு. அரை கிராம் எடையுள்ள அப்படியொரு பருப்பு பத்துக் கிலோ மூட்டையில் விழுந்தால், மூட்டை முழுவதற்கும் சராசரி 50 ஆகிவிடும். ஐரோப்பிய வரம்பைப்போல் பன்னிரண்டு மடங்குக்கு மேல். மூட்டையில் இருபதினாயிரம் பருப்புகள், கெட்டது ஒன்று. மேலாக ஒரு பிடி அள்ளிச் சோதித்தால் அது கையில் சிக்குமா? அதனால்தான் பெரிய தொகுதிகளில் கச்சானைச் சோதிக்கும் ஐரோப்பிய விதிமுறை, நூறு இடங்களில் சிறிது சிறிதாக எடுத்து, இருபது கிலோ வரை சேர்த்து, அதை அரைத்துக் கலந்து சோதிக்கச் சொல்கிறது.

இதைக் கேட்டதும் எனக்கு நினைவு வந்தது, மாணவர்களுக்கு ஆண்டுதோறும் நான் நடத்தும் ஒரு ஹதீஸ். அபூஹுரைரா (ரலி) அறிவித்து ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலைக் கடந்து செல்கிறார்கள். மேலே காய்ந்திருந்த அந்தக் குவியலுக்குள் தமது கையை நுழைக்கிறார்கள். விரல்களில் ஈரம் படுகிறது. வியாபாரியிடம் காரணம் கேட்க, மழை பட்டுவிட்டது என்கிறார். மக்கள் காணும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரிக்கிறார்கள்.

இதை வியாபார நேர்மைக்குரிய பாடமாகவே நான் இத்தனை காலம் நடத்தி வந்திருக்கிறேன். கை எங்கே போனது, விரலில் பட்டது என்ன என்பதை நின்று கவனித்ததில்லை. மேற்பரப்பை நம்பாமல் உள்ளே கைவிட்டார்கள். தேடிக் கண்டது ஈரம். (மார்க்க நூல்களுக்குள் விஞ்ஞானத்தைத் திணிப்பது எனக்குப் பிடித்தமானதல்ல. எனினும் உள்ளதைச் சொல்லாமல் விடவும் முடியவில்லை.)

நம் நாட்டின் எண்ணெய்

2021 மார்ச் மாதம் உங்களுக்கு நினைவிருக்கும். புத்தாண்டும் ரமழானும் அடுத்தடுத்து வரவிருந்த வேளை. இறக்குமதியான சுத்திகரிக்கப்படாத தேங்காயெண்ணெயில் அஃப்லடொக்சின் இருப்பது இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் சோதனையில் தெரியவந்து, அந்தக் கொள்கலன்களை வந்த நாட்டுக்கே திருப்பியனுப்ப உத்தரவாயிற்று. நோன்புக்குப் பலகாரம் பொரிக்க இருந்த நமது பெண்கள் எந்தப் போத்தலை நம்புவது என்று தெரியாமல் தவித்தார்கள். எண்ணெயில் பூசணம் எப்படி வரும் என்று பலர் கேட்டார்கள். எண்ணெயில் வருவதில்லை, கொப்பராவில் வருகிறது. சரியாகக் காயாத கொப்பராவில் பூசணம் பிடித்து, அதைப் பிழியும்போது நஞ்சும் சேர்ந்து இறங்குகிறது. தொழிற்சாலையில் காரம் சேர்த்து முறையாகச் சுத்திகரித்து வெளுக்கும்போது பெரும்பகுதி நீங்கிவிடும். அந்தப் படியைத் தாண்டாத எண்ணெய் சந்தைக்கு வந்துவிடக் கூடாது என்பதே அன்றைய அச்சம்.

இது நமக்குப் புதிதல்ல என்பதுதான் வியப்பு. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்கள் சமரஜீவவும் ஆர்சகுலரத்னவும் இலங்கைத் தேங்காயெண்ணெயில் இந்த நஞ்சைப் பற்றி 1980 களிலேயே ஆய்வுகள் வெளியிட்டார்கள். சூரிய ஒளி பட்டால் எண்ணெயிலுள்ள நஞ்சு சிதைகிறது என்பதைக் கண்டு, அதற்கென ஒரு மாதிரி ஆலையையே அமைத்துப் பார்த்தார்கள். வீட்டில் போத்தலை வெயிலில் வைத்தால் போதும் என்று யாரும் இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம்; எண்ணெய் எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அளந்து செய்ய வேண்டிய காரியம் அது.

2022 இல் இன்னொன்று. சோளத்தில் அஃப்லடொக்சின் வரம்பு மீறியதால் சின்னஞ் சிறுவர்களுக்கான திரிபோஷ உற்பத்தி தடைப்பட்டு, நாடெங்கும் பெரும் சர்ச்சை எழுந்தது. தாய்மார் கோபப்பட்டதில் நியாயமுண்டு. ஆனால் சோதித்ததால்தான் அது தெரியவந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

சந்தையில் சந்தேகமான பொருளைக் கண்டால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பும் அதிகாரம் அவருக்குண்டு. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977.

வீட்டில் ஆய்வுகூடம் இல்லை. ஆனால் ஈரத்தைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. நன்கு காய்ந்த கண்ணாடிப் போத்தல் ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு சோளத்தையோ நெல்லையோ போட்டு, இரண்டு மேசைக் கரண்டி காய்ந்த உப்பைச் சேர்த்து மூடிக் குலுக்குங்கள். கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள். உப்பு போத்தலின் சுவரில் ஒட்டிக்கொண்டால் தானியம் இன்னும் காயவில்லை. வைத்தால் பூசணம் பிடிக்கும். ஒட்டாமல் கீழே விழுந்தால் சேமிக்கலாம்.

இன்னொரு கருவி உங்கள் வீட்டுச் சுளகு. சுருங்கியது, நிறம் மாறியது, உடைந்தது, பூச்சி அரித்தது, இவற்றில்தான் நஞ்சின் பெரும்பகுதி தங்கியிருக்கும். நம் உம்மும்மாமார் மணிக்கணக்கில் புடைத்துப் பொறுக்கியது வெறும் அழகுக்காக அல்ல. இன்று பெரிய ஆலைகளில் ஒளியால் நிறம் பார்த்துக் கெட்ட பருப்பைத் தள்ளும் பொறிகளும் அதே வேலையைத்தான் செய்கின்றன. காய்ந்த நல்ல சாமானில் அங்கொன்றும் இங்கொன்றும் கெட்டிருந்தால் பொறுக்கிப் பாவிக்கலாம். நனைந்து, பல இடங்களில் பூத்துக் கிடந்தால் பொறுக்குவதில் பயனில்லை. கசக்கும் கச்சானைத் துப்பிவிடப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். மூட்டையைச் சுவரில் சாய்க்காமல், தரையில் வைக்காமல், ஒரு பலகையின் மேல் வையுங்கள். மழைக் காலத்தில் கொச்சிக்காயை மாதக் கணக்குக்கு வாங்கிக் குவிக்காதீர்கள். மலிவு என்று வாங்கியது மலிவாக இருக்காது.

வீசுவது இஸ்ராஃப் ஆகாதா? கீழே விழுந்த கவளத்தையே எடுத்துத் துடைத்து உண்ணச் சொன்ன மார்க்கமல்லவா? இந்தக் கேள்வி நல்ல உள்ளங்களிலிருந்துதான் வருகிறது. அந்த ஹதீஸின் அரபு வாசகத்தைப் பாருங்கள். விழுந்த கவளத்தில் உள்ள 'அதா'வை நீக்கிவிட்டு உண்ணும்படிதான் வந்திருக்கிறது. 'அதா' என்றால் தொல்லை தருவது, தீங்கு தருவது. மண்ணைத் துடைக்கலாம். பருப்புக்குள் ஊறிவிட்ட 'அதா'வை எந்தக் கையால் நீக்குவது? நான் அந்தச் சிறுவனிடம் நஜீஸா என்பதை மட்டுமே பார்த்துப் பதில் சொன்னேன். தீங்கு தருமா என்று கேட்கவில்லை. தீங்கு தருவது நஜீஸ் அல்லாவிட்டாலும் உண்ணத் தகாதது என்பதும் அதே கிதாபுகளில் உள்ள சட்டம்தான்.

இன்னொரு பழக்கமும் நம்மிடையே உண்டு. நமக்கு ஆகாத அரிசியை வாசலுக்கு வரும் மிஸ்கீனுக்கு அள்ளிப் போடுவது. ரமழான் முடிந்து பல மாதங்கள் மூலையில் கிடந்த உலருணவுப் பொதிகளை, பூசண வாடையோடு ஏழை வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதையும் கண்டிருக்கிறேன். நாமே கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்குவோம் என்றிருக்கும் கெட்ட பொருளைத் தர்மமாகக் கொடுக்க வேண்டாம் என்று சூரத்துல் பகரா தடுக்கிறது. பொதி கொடுக்கும் சங்கத்தார் ஒரு பொதியையாவது திறந்து உள்ளே கைவிட்டுப் பார்க்கட்டும்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஸுப்ஹு முடிந்ததும் அந்தச் சகோதரியின் வீட்டு வாசலுக்குப் போய்ச் சலாம் சொன்னேன். உள்ளிருந்து வறுத்த கச்சான் மணம் வந்தது. என் பேச்சை நம்பி இரவே மூன்று கிலோவைக் கழுவி அடுப்பில் காயவைத்து வறுத்து முடித்திருந்தார். பக்கட் கட்டுவதுதான் மிச்சம். நான் நேற்றுச் சொன்னது பிழை என்று சொன்னேன்.

கதவுக்குப் பின்னால் சற்று நேரம் சத்தமில்லை. பிறகு, "என்ன மௌலவி, நேத்து ஒண்டு சொன்னீங்க, இண்டைக்கு ஒண்டு சொல்றீங்க?" என்றார். என்னிடம் பதில் இருக்கவில்லை. பாடசாலை வாசலில் அதை வாங்கித் தின்பது பிள்ளைகள் என்று மட்டும் சொன்னேன். "என்ட மகனும் அதத்தான் தின்னுவான்" என்றார் மெதுவாக. அடுத்து, "அப்ப கோழிக்காவது போட ஏலுமா?" என்று கேட்டார். வான்கோழிகளின் கதையை வாசலில் நின்றே சொல்ல வேண்டியதாயிற்று.

பத்துக் கிலோவையும் யாரும் பொறுக்கி எடுத்துவிடாதபடி சவர்க்காரத் தண்ணீர் ஊற்றிக் கட்டிக் குப்பை வண்டியில் போட்டார்கள். மூட்டையின் விலையை நானும் ஜமாஅத்தில் இருவரும் சேர்ந்து கொடுத்தோம். என் பங்கு பிழைக்கான தண்டம்தான், தர்மமல்ல.

அடுத்த வாரம் மகன் மீண்டும் வந்தான். புதிய மூட்டை வாங்கப் புறக்கோட்டைக்கு உம்மாவோடு போனானாம். மூட்டையின் வாயை அவிழ்க்கச் சொல்லி, முழங்கை வரை கையை உள்ளே விட்டு அடியிலிருந்து அள்ளிப் பார்த்தாராம் உம்மா. கடைக்கார நாநாவுக்குக் கோபம் வந்துவிட்டதாம். மூன்றாவது மூட்டையைத்தான் வாங்கினார்களாம்.